புதுப்பிப்பு: டெக்சஸில் மாதக் கட்டண கிளினிக் பற்றிக் கேட்டிருந்தேனே

காப்பீட்டுக்காரர்களை ஒதுக்கிவிட்டு, நோயாளிகளிடமே மாதக் கட்டணம் வாங்கி கிளினிக் நடத்தினால், அதையும் காப்பீட்டு வியாபாரம் என்று மாநில அரசு பிடித்துக்கொள்ளுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டேன். அரசு அப்படிப் பிடித்துக்கொள்ளாது. இது காப்பீடு அல்ல என்று 2015-இல் வந்த டெக்சஸ் சட்டமே சொல்கிறது. ஆனால் அதை நோயாளி ஒப்பந்தத்தில் சேருமுன் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கட்டணத்தில் அடங்கிய சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் அனுப்பவும் கூடாது.

என் வரைவில் அந்த அறிவிப்பு நான்காம் பக்க அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. இப்போது கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது உதவாது என்று தெரியாமல், கையில் இருக்கும் பாலிசியை யாராவது விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

மருந்து விஷயத்தில் ஏமாற்றம். மொத்த விலைக்கு வாங்கி நாமே கொடுக்கலாம் என்றிருந்தேன். இங்கே மருத்துவர் பொதுவாக உடனடித் தேவைக்கு மட்டுமே கொடுக்கலாம். சில கிராமப்புறங்களுக்கு விலக்கு உண்டு.

மெடிகேரிலிருந்து (பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) மருத்துவர் விலகினால் 2 ஆண்டுக்கு விலகல்தான். மெடிகேர் வைத்திருக்கும் நோயாளிகள் ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தம் போட வேண்டும். இந்த வாரம் விலகலுக்கான பிரமாணப் பத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.