கொலாப் வீடியோவுக்கு ரிலீஸ் ஃபார்ம் மட்டும் போதுமா? ஒப்பந்தத்தில் வேறென்ன எழுத வேண்டும்?

கணக்குப்பிள்ளை_எல்ஏ

லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு அடல்ட் கிரியேட்டர்களின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். இருவருக்கும் ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தா தளத்தில் பக்கம் இருக்கிறது. அடுத்த மாதம் சேர்ந்து இரண்டு வீடியோ எடுக்கிறார்கள். யாரும் யாருக்கும் பணம் தரப்போவதில்லை. ஆளுக்கொரு பிரதி எடுத்து அவரவர் பக்கத்தில் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. ஒருவர் மேனிவிட்ஸ் என்ற வீடியோ விற்பனைத் தளத்திலும் விற்க நினைக்கிறார். மற்றவர், எக்ஸில் போடும் ட்ரெய்லரில் தன் முகம் தெரியவே கூடாது என்கிறார். ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று இருவருமே நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டால் அதில் எதை விடக்கூடாது?

சட்டக்கோப்பு

போதாதுதான். ரிலீஸ் ஃபார்ம் அடையாளம், வயது, சம்மதம் என்ற மூன்றோடு நின்றுவிடும். வீடியோ யாருக்குச் சொந்தம், எங்கெல்லாம் போடலாம், காசு எப்படிப் பிரியும், இருவருக்கும் ஒத்துவராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. தகராறு வருவதோ இவற்றில்தான்.

எதையும் எழுதாமல் விட்டால் சட்டமே ஒரு முடிவைத் திணிக்கும். இருவரும் சேர்ந்து திட்டமிட்டு, எடுத்து, எடிட் செய்திருந்தால் அது கூட்டுப் படைப்பாகக் கருதப்படலாம். அப்போது ஒருவர் மற்றவரைக் கேட்காமலே எந்தத் தளத்துக்கும் அந்த வீடியோவைக் கொடுக்கலாம். லாபத்தில் பங்கு கொடுக்க வேண்டும், அவ்வளவே. பிரத்தியேக உரிமையை மட்டும் தனியாக விற்க முடியாது. மாறாக, ஒருவரே கேமராவும் எடிட்டும் பார்த்திருந்தால் நடித்தவருக்கு நடிப்புக்காக மட்டும் தனி காப்பிரைட் வராது. 2015-ல் கார்சியா–கூகுள் வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது இதைத்தான். கலிஃபோர்னியா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. முகம் காட்ட விரும்பாதவர் கேமரா பிடிக்காதவராகவும் இருந்தால், எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில் அவர் கை வெறுங்கைதான்.

உங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது: கூட்டு உரிமை என்றே எழுதுங்கள், ஆனால் "இணைப்பு 1-ல் உள்ள தளங்களில் மட்டும், அவரவர் சொந்தக் கணக்கில் மட்டும் வெளியிடலாம், வேறெங்கும் வெளியிடவோ, மூன்றாம் நபருக்கு உரிமை தரவோ மற்றவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்" என்று பூட்டுப் போடுங்கள். இணைப்பு 1-ல் தளத்தின் பெயரோடு கணக்கின் பெயரும் இருக்கட்டும். நாளைக்குக் கணக்கையே ஏஜென்சிக்கு விற்றால் வீடியோவும் கூடவே போகாமலிருக்க இது உதவும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் "வொர்க் ஃபார் ஹையர்" (படைப்பு வேலை கொடுத்தவருக்கே சொந்தம்) என்று ஒரு வரி இருக்கும். கலிஃபோர்னியாவில் அதை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அங்கே லேபர் கோட் 3351.5 பிரிவுப்படி, அந்த வாசகத்தோடு எழுதி வேலை வாங்குபவர் முதலாளி ஆகிவிடுகிறார். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழும். ஒருவரே முழு உரிமையும் எடுப்பதென்றால் "உரிமை மாற்றம்" என்று எழுதினால் வேலை முடிந்தது. உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட எழுத்து கட்டாயம். 2000-ம் ஆண்டின் இ-சைன் சட்டப்படி மின்கையெழுத்தும் செல்லும்.

திருட்டுப் பிரதிகளை நீக்கச் சொல்லி டிஎம்சிஏ (அமெரிக்க டிஜிட்டல் காப்பிரைட் சட்டம்) நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் இருவருக்கும் உண்டு என்றும் ஒரு வரி சேருங்கள். நோட்டீஸுக்குப் பதிவு தேவையில்லை. வழக்குப் போடத்தான் காப்பிரைட் பதிவு முடிந்திருக்க வேண்டும். எனவே பதிவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் குறித்துவிடுங்கள்.

செட்_மேனேஜர்

உரிமை விஷயத்தை மேலே தெளிவா சொல்லிட்டாங்க. நான் ஷூட் நாளைப் பத்திச் சொல்றேன்.

காகிதம் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேர் கையிலயும் இருக்கணும். கேமரா ரெடியா நிக்கும்போது பத்துப் பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குறது பெரிய தப்பு. கேர்ல்ஸ்டூபோர்ன்ங்கற அடல்ட் வீடியோ கம்பெனி மேல பெண்கள் போட்ட வழக்கு ஞாபகம் இருக்கும். வீடியோ ஆன்லைன்ல வராதுன்னு பொய் சொல்லி, படிக்க விடாம அவசரப்படுத்தி கையெழுத்து வாங்கியிருந்தாங்க. 2020 ஜனவரியில சான் டியேகோ நீதிமன்றம் 22 பெண்களுக்கு சுமார் 1.27 கோடி டாலர் கொடுக்கச் சொன்னதோட, வீடியோ உரிமையையும் அவங்களுக்கே கொடுத்துடுச்சு. கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தும் அந்தக் கம்பெனிக்கு அது உதவல.

எந்தச் செயல்களுக்குச் சம்மதம், எதுக்குக் கிடையவே கிடையாதுன்னு தனி இணைப்பா போடுங்க. "எல்லா வகைச் செயல்களும்"னு எழுதினா அதுக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொண்ணையும் பேர் சொல்லி எழுதி, பக்கத்துல ரெண்டு பேரும் இனிஷியல் போடணும். எந்த நேரத்திலயும் நிறுத்தலாம், நிறுத்தினா அபராதம் கிடையாது, அதுவரைக்கும் எடுத்ததை ரெண்டு பேர் சம்மதமும் இல்லாம வெளியிடக் கூடாதுன்னும் எழுதுங்க.

முகம் விஷயத்தை "முகம் தெரியாது"ன்னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க. இப்படி எழுதலாம்: "சந்தா இல்லாமல் பார்க்கக்கூடிய எந்த இடத்திலும் (ட்ரெய்லர், தம்ப்நெயில், ப்ரொஃபைல் படம், கதைப் பதிவு) இரண்டாம் தரப்பினரின் முகம், இடது தோளில் உள்ள பச்சை, உண்மையான குரல் மூன்றும் இடம்பெறாது." பச்சையை விட்டுடுவாங்க, அதை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க. விற்பனைத் தளத்துல தம்ப்நெயில் காசு கட்டாமலே தெரியும், அதனால மேனிவிட்ஸுக்குத் தனி தம்ப்நெயில் எடுத்து வச்சுக்குங்க. ஏஐ-ல முகம் மாத்தறது, குரல் உருவாக்கறது, மாடல் பயிற்சிக்குக் கொடுக்கறதுன்னு மூணையும் தடை செஞ்சு தனி வரி.

பால்வினை நோய் டெஸ்ட்: லாஸ் ஏஞ்சலஸ் வழக்கம் 14 நாளுக்குள் எடுத்த ரிசல்ட். ஷூட் தேதியிலேர்ந்து பின்னோக்கி எண்ணி, ரிசல்ட் வராட்டி ஷூட் தள்ளிப்போகும், தள்ளிப்போனா செலவு யாருக்குன்னு எழுதிக்குங்க. ரிசல்ட்டை ஒருத்தருக்கொருத்தர் காட்டலாம், மூணாவது ஆளுக்கு அனுப்பக் கூடாது.

கணக்குப்பிள்ளை_எல்ஏ

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். முதல் வீடியோ நன்றாகப் போனால் அடுத்ததை வருமானப் பங்கீட்டில் எடுப்பார்கள். அதை எப்படி எழுதுவது? ஒருவர் பின்னால் இந்தத் தொழிலை விட்டு விலகி வீடியோவை எடுத்துவிடச் சொன்னால்?

சட்டக்கோப்பு

"பாதிப் பாதி" என்று மட்டும் எழுதினால் எதில் பாதி என்று கேள்வி வரும். சந்தா வருமானத்தை ஒரு வீடியோவோடு பொருத்திக் காட்டவே முடியாது. எனவே பங்கீட்டை அந்த வீடியோவின் பிபிவி (சந்தா போக, தனியாகக் காசு கட்டிப் பார்ப்பது) விற்பனைக்கும் அந்தப் பதிவுக்கு வந்த டிப்ஸுக்கும் மட்டும் வையுங்கள். ஒன்லிஃபேன்ஸ் 20 சதவீதம் பிடிக்கிறது. 15 டாலர் பிபிவி 200 பேர் வாங்கினால் 3,000, தளத்தின் 600 போக 2,400, ஆளுக்கு 1,200. அதில் 10 பேர் வங்கியில் சார்ஜ்பேக் போட்டால், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்டால், தளத்தின் பங்கு போக 120 டாலர் திரும்பப் போகும், அதையும் இருவரும் சமமாகத் தாங்குவதாக எழுதுங்கள். இந்தக் கணக்கை ஓர் உதாரணமாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் "நிகரம்" என்றால் என்ன என்ற விவாதமே எழாது. எந்தத் தேதிக்குள் பணம், எந்த ஸ்க்ரீன்ஷாட் ஆதாரம், எத்தனை மாதத்தோடு பங்கீடு முடியும் என்பவையும் வேண்டும். முடிவுத் தேதி இல்லாத பங்கீடு பெரும்பாலும் மனக்கசப்பில்தான் முடிகிறது.

அகற்றுவதற்கு: எழுத்தில் கேட்ட 14 நாளுக்குள் இணைப்பு 1-ல் உள்ள எல்லாக் கணக்கிலிருந்தும் எடுக்க வேண்டும்; ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருக்கும் பிரதியைத் திரும்பப் பெற முடியாது; மற்றவரின் தயாரிப்புச் செலவை ஈடுகட்ட இன்ன தொகை. தொகையை இப்போதே பேசிவிடுங்கள், கோபம் வந்தபிறகு நியாயமான தொகை யார் வாயிலும் வராது.

சம்மத ஆவணமே இல்லை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2021 அக்டோபர் 15 முதல், அந்த அட்டையை ஏற்கும் தளங்களுக்கான மாஸ்டர்கார்டு விதிப்படி, படத்தில் உள்ள ஒவ்வொருவரும் படமாக்கவும், வெளியிடவும், டவுன்லோடு வசதி இருந்தால் அதற்கும் சம்மதித்த ஆவணம் வேண்டும். புகார்களைத் தளம் ஏழு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த மூன்று சம்மதமும் தனித்தனியே இருக்கட்டும்.

செட்_மேனேஜர்

2257-ஐ (நடிக்கிறவங்க வயசுக்கு ஆதாரம் வைக்கச் சொல்ற அமெரிக்கச் சட்டப் பிரிவு) மறந்துடாதீங்க. ரெண்டு பேரும் எடுத்து ரெண்டு பேரும் போடறதால ரெண்டு பேருமே மத்தவரோட பதிவேட்டை வச்சிருக்கணும்: அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை நகல், சட்டப்பூர்வ பெயர், பிறந்த தேதி, எல்லா மேடைப் பெயரும், எடுத்த தேதி, வீடியோ பிரதி, லிங்க். மத்த கோப்புகளோட கலக்காம தனியா, ஏழு வருஷம். வீட்டு முகவரியைப் பக்கத்துல போட பயம்னா பதிவேட்டைப் பாதுகாக்க வெளி ஆளை நியமிக்கலாம், விதியில அனுமதி இருக்கு.

தென்காசிக்காரன்

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்த மாதிரியை எடுத்து இங்கே பயன்படுத்த முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்கீழ், வெளிப்படையான பாலியல் காட்சிகளை மின்னணு வடிவில் வெளியிடுவதே குற்றம்; முதல் முறை தண்டனைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்டாலும், நோக்கமே சட்டவிரோதம் என்றால் ஒப்பந்தச் சட்டம் 23-ம் பிரிவுப்படி அது செல்லாது. இருவரில் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வருவதாக இருந்தால், அந்த நாட்களில் இங்கிருந்து எதையும் அப்லோடு செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.