சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம்: தமிழில் நல்ல புத்தகம் உண்டா?

வணக்கம். மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம், முப்பதாவது வாரம். 2022-இல் முதல் குழந்தை தலை திரும்பாததால் சிசேரியனில் பிறந்தது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே வெட்டு; வேறு சிக்கல் இல்லை. இம்முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று மருத்துவரிடம் பேசுமுன், தானே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறாள்.

நூலகத்திலும் கடைகளிலும் கிடைத்த கர்ப்பகால வழிகாட்டி நூல்களைப் பார்த்துவிட்டோம். உணவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவை, இந்தக் கேள்விக்கு வந்ததும் முடிவை மருத்துவரிடம் விட்டுவிடச் சொல்லி ஒரே வரியில் நின்றுவிடுகின்றன. சில, அடுத்ததும் அறுவைதான் என்று தீர்ப்பே எழுதிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியனாக இருக்கையில், இந்த மௌனம் எனக்கு வருத்தமளிக்கிறது. இத்தகைய வெட்டு உள்ளவர்கள் முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்பதையும், தழும்பு கிழியும் ஆபத்து ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு உண்டு என்பதையும், ஆகவே உடனடியாக அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனை அவசியம் என்பதையும் நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

இரு வழிகளின் நன்மையையும் ஆபத்தையும் எண்ணிக்கையோடு விளக்கும் தமிழ்ப் புத்தகமோ கையேடோ உங்களில் யாருக்கேனும் தெரியுமா?