மாதிரி சேர்க்காத குழாயும் மஞ்சளாகிறது: லாம்ப் சோதனையில் பிழை எங்கே?

கேள்வி (நாமக்கல்):
வணக்கம். முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து வரும் தொண்டைச் சளியில் மைக்கோபிளாஸ்மா கிருமி உள்ளதா என்பதை, ஒரே வெப்பநிலையில் டிஎன்ஏவைப் பெருக்கும் லாம்ப் முறையில் பார்த்து வருகிறோம். 65 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தால், கிருமியுள்ள குழாய் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இரு வாரங்களாக, மாதிரியே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயும் 40 நிமிடங்களுக்குள் மஞ்சளாகிவிடுகிறது; என்சைமை மாற்றியும் பயனில்லை. முடிவை உறுதிசெய்ய, குழாயைத் திறந்து, டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லிலும் ஓட்டுகிறோம். மாறிமாறிச் சூடாக்கிக் குளிர்வித்து டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறைக்கே திரும்பிவிடலாமா?

பதில் 1 (கோவை):
குழாயைத் திறப்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். லாம்பில் டிஎன்ஏவைப் பெருக்கும் என்சைமான பிஸ்ட் பாலிமரேஸ் புதிய இழையைக் கட்டிக்கொண்டே எதிரிலுள்ள இழையைப் பெயர்த்துவிடுவதால், பிசிஆர் போல ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரத்திற்குள் சில பிரதிகள் நூறு கோடியாகப் பெருகிவிடுகின்றன. அந்தக் குழாயின் மூடியைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளியொன்று, திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டில் ஒட்டினாலே அடுத்த நாள் சோதனை கெட்டுப்போகும். எனவே ஜெல்லை நிறுத்திவிட்டு, கலவை தயாரிக்கும் அறையையும் பைப்பெட்டையும் தனியாக்குங்கள். டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான டிடிடிபிக்குப் பதில் டியூடிபியும், அது கலந்த டிஎன்ஏவைச் சிதைக்கும் யூடிஜி என்சைமும் சேர்த்தால், இனிமேல் உருவாகும் விளைபொருள் அடுத்த சோதனைக்குத் தொற்றாது. ஏற்கெனவே பரவியதை அது அழிக்காது. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் தமக்குள் பிணைந்தும் இப்படி நிறம் மாறலாம். புதிய பிரைமரை வேறோர் ஆய்வகத்தில் மாதிரியின்றி ஓட்டிப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். அதுவரை ஒரு முடிவையும் பண்ணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நோயில்லாத கொட்டாய்க்கும் மருந்துச் செலவு வைத்துவிடுவோம்.

பதில் 2 (ஈரோடு):
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். உங்கள் குழாயில் நிறம் மாறும் சாயமான பீனால் ரெட், பெருக்கத்தின்போது வெளிப்படும் அமிலத்தன்மையைக் காட்டுவது. மாதிரி கரைத்த திரவமே அமிலமாக இருந்தால் தொடக்கத்திலேயே மஞ்சளாகும். ஆகவே சூடாக்கும் முன் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்ஸி நாப்தால் புளூ சாயத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஊதாவிலிருந்து வான்நீலமாக மாறும். நம் பகுதி போர்வெல் தண்ணீர் வாட்டர் பாத்தில் உப்புப் படிய வைத்துவிடும் என்பதால், திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் குழாய் நிற்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ராசிபுரத்தில் நண்பரின் ஆய்வகத்தில் புதிய பிரைமரை மாதிரியின்றி ஓட்டினோம். 60 நிமிடம் கடந்தும் இளஞ்சிவப்பாகவே நின்றது. ஆக, எங்கள் மேசையில்தான் தொற்று. இரு வாரங்களில் கொடுத்த முடிவுகளைத் திரும்பப் பெற்று, அந்தப் பண்ணைகளில் மறுபடியும் மாதிரி எடுத்து பிசிஆருக்கு அனுப்பியிருக்கிறோம்.