புரூக்ளைன் தெருவில் வான்கோழி வழிமறித்தால்: தெரிந்தவர்கள் பகிரலாம்

மார்ச் முதல் மே வரை, அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைன் போன்ற ஊர்களில் காட்டு வான்கோழிச் சேவல் நடைபாதையில் நின்று ஆளை மறிப்பது வாடிக்கை. இணை தேடும் காலம். கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. தினமும் பார்க்கிற மனிதரையும் அதில் சேர்த்துவிடும். பின்வாங்கினால் நீங்கள் அதற்குக் கீழ், அவ்வளவுதான். ஓடாதீர்கள், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கையை அகல விரித்து, சத்தம் போட்டு, அதை நோக்கி நடங்கள். துடைப்பம் போதும், தோட்டக் குழாய்த் தண்ணீர் இன்னும் நல்லது.

பதில்:
கார் கதவைக் கொத்தினால் கோபம் உங்கள்மேல் இல்லை, பளபளப்பில் தெரியும் இன்னொரு சேவல்மேல். விரட்டினாலும் திரும்பி வரும், காரைப் பழைய போர்வையால் மூடிவிடுங்கள். சிட்டுக்குருவிக்கு என்று தொங்கவிடும் தானியக் கூட்டையும் கழற்றுங்கள். கீழே சிந்துவதைத் தின்னத்தான் முதலில் வருகிறது.

பதில்:
கிட்டே போகுமுன் தலையைப் பாருங்கள். அலகின்மேல் இருக்கும் சதை சாதாரண நேரத்தில் சுருங்கி, சின்னக் கொம்பு மாதிரி நிமிர்ந்திருக்கும். கிளர்ச்சி ஏறினால் நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். தோகை விரித்து ஆடும்போது உச்சந்தலை வெளுத்து, முகம் நீலமாகி, கழுத்துச் சதை சிவந்திருக்கும். நீலத்துக்குச் சாயம் எதுவும் கிடையாது. தோலுக்கடியில் கொலாஜன் என்ற புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இடையில் ஓடும் ரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்க, இழைகளின் இடைவெளி மாறி, சிதறும் ஒளியின் நிறமும் மாறுகிறது. உடல் உப்பி, சதையும் நீண்டிருந்தால் கிளர்ச்சியில் இருக்கிறது என்று அர்த்தம், கவனமாக இருங்கள்.

பதில்:
சேவலா பெட்டையா என்று, மார்பிலிருந்து முடிக்கற்றை போலத் தொங்கும் தாடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நூறு பெட்டைகளில் பத்து இருபதுக்குத் தாடி இருக்கும். மார்பிறகின் நுனியைப் பாருங்கள்: சேவலுக்குக் கருப்பு, பெட்டைக்கு மங்கிய பழுப்பு. பறவை கண்ணில் படாவிட்டால் எச்சமே சொல்லும். சேவலுடையது தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், பெட்டையுடையது நத்தை போலச் சுருண்டிருக்கும். (இதை விழுந்து விழுந்து படிக்கும் ஆட்கள் உண்டு.)

பதில்:
இவ்வளவு பெரிய உடம்பு பறக்காது என்று நினைப்பவர்களுக்கு: அந்தி சாய்ந்ததும் மரத்தில்தான் அடையும். இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆந்தை அலறினாலும் இடி இடித்தாலும் சேவல் கிளையிலிருந்தே பதிலுக்குக் கத்தும். எங்கே அடைகிறது என்று கண்டுபிடிக்க ஆந்தைக் குரல் கொடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

பதில்:
பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851-இலேயே அற்றுப்போன பறவை இது. பண்ணையில் பொரித்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. எதைத் தின்பது, எதற்குப் பயப்படுவது என்று குஞ்சுக்குத் தாய்தான் காட்ட வேண்டும், பண்ணையில் தாய் ஏது? 1972-73-இல் நியூயார்க்கில் பிடித்த 37 காட்டுப் பறவைகளை மாநிலத்தின் மேற்கே உள்ள பெர்க்‌ஷயர் மலையில் விட்ட பிறகுதான் பெருகின.

பதில்:
மே, ஜூனில் புல் வெட்டுகிறவர்கள் கவனிக்க: கூடு தரையில், புல் மறைவில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டை, 28 நாள் அடை. இயந்திரம் நெருங்கும்வரை பெட்டை அசையாது. பொரித்தாலும் முதல் இரண்டு வாரம் குஞ்சு மரமேற முடியாமல் தாயின் இறகுக்கடியில் தரையில்தான் தூங்கும். அந்த வாரங்களில் குளிர்மழை நின்று பெய்தால் நனைந்து விறைத்துச் சாகும். கூடு கண்ணில் பட்டால் சுற்றிலும் அகலமாகப் புல்லை விட்டுவிட்டு வெட்டுங்கள்.