டிஸ்டார்ஷனை எடுத்தா ரிஃப் ஏன் செத்துப்போகுது? பழைய ராக் பாட்டை அகூஸ்டிக், ஸ்ட்ரிங்ஸுக்கு மாத்துறது பற்றி

ஆறாம்தந்தி கேட்டது:

நாலு பேர் ராக் பேண்ட். பழைய ஆல்பத்துல இருந்து ஆறு பாட்டை அகூஸ்டிக் கிட்டார், ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ), ஒரு டபுள் பேஸ் வச்சு மறுபடி பதிவு பண்ணணும். எல்லாமே ஒரு செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கின ஈ ஃப்ளாட் டியூனிங், பெரும்பாலும் பவர் கார்டு (காந்தாரம் இல்லாம மூல ஸ்வரமும் பஞ்சமமும் மட்டும்), வேகம் 168 பிபிஎம் (நிமிஷத்துக்கு 168 பீட்). டெமோவுல ரெண்டு சிக்கல். அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கை) அகூஸ்டிக்ல வாசிச்சா எலும்பு மட்டும்தான் மிஞ்சுது. அதை மறைக்க மேல நீளமா ஸ்ட்ரிங்ஸ் போட்டா பாட்டே குழைஞ்சுடுது, அதுல இருந்த கோபம் போயிடுது. எதுல இருந்து ஆரம்பிக்கணும்? மெட்டாலிகா 1999ல பண்ணின வழியா, ஸ்கார்பியன்ஸோட லிஸ்பன் கச்சேரி வழியா?

கீழ்ஸ்தாயி:

ரெண்டும் வேற வேற வேலைங்க, அதை முதல்ல பிரிச்சுக்கணும். 1999 ஏப்ரல் 21, 22ல பெர்க்லியில மெட்டாலிகா ஸான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியோட வாசிச்சப்போ ஆம்ப்ளிஃபையர் எதுவும் இறங்கலை. பேண்ட் முழுசா அப்படியே இருந்தது, அதுக்கு மேல இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் எதிர்மெட்டு எழுதினார். ஸ்கார்பியன்ஸ் 2000ல பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோட எலக்ட்ரிக்ல ஒரு ஆல்பம் பண்ணிட்டு, அடுத்த வருஷமே லிஸ்பன்ல பெயாட்டோ கான்வென்ட்ல அகூஸ்டிக்ல பதிவு பண்ணினாங்க. நீங்க டிஸ்டார்ஷனையே (கிட்டார் ஒலியைச் சிதைச்சுக் கரகரப்பாக்குறதையே) எடுக்கிறீங்க. அப்போ கேமன் மாதிரி மேல மட்டும் எழுதினா கீழ ஒண்ணுமே இருக்காது. உங்க டெமோவுல நடந்தது அதுதான்.

டிஸ்டார்ஷன் சத்தத்தை மட்டும் கூட்டலை, இன்னும் மூணு வேலை பண்ணிட்டு இருந்தது. உங்க கீழ் ஈ ஃப்ளாட் 77.8 ஹெர்ட்ஸ், அதோட பஞ்சமம் பி ஃப்ளாட் 116.5. ரெண்டும் ஒண்ணா டிஸ்டார்ஷனுக்குள்ள போனா அவற்றோட வித்தியாசம், சுமார் 39 ஹெர்ட்ஸ், புதுசா பிறக்கும். அது ரிஃபோட மூல ஸ்வரத்துக்குச் சரியா ஒரு ஆக்டேவ் கீழ. அந்த நெஞ்சுல இடிக்கிற கனம் அங்க இருந்து வந்தது. அகூஸ்டிக்ல அது பிறக்கவே பிறக்காது. ரெண்டாவது, ஸ்வரம் நீண்டு நின்னது. அகூஸ்டிக்ல மீட்டின உடனே தேய ஆரம்பிச்சுடும். மூணாவது, காந்தாரத்தைத் தடுத்து வச்சிருந்தது. டிஸ்டார்ஷன்ல காந்தாரம் சேர்த்தா உபரி ஸ்வரங்கள் மோதிக் கலங்கிடும்னுதான் எல்லாரும் பவர் கார்டுக்குப் போனாங்க.

இந்த மூணையும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் கொடுங்க. கீழ் ஆக்டேவை டபுள் பேஸ் வில்லால வாசிக்கட்டும், நீண்டு நிக்கிற வேலை செல்லோவுக்கும் வயோலாவுக்கும். கிட்டார் இனிமே முழு கார்டைப் பிடிச்சு வைக்க வேண்டியதில்லை, கார்டை உடைச்சு ஒவ்வொரு தந்தியா மீட்டலாம். காந்தாரத்துக்கு இப்போ இடம் இருக்கு. ஆனா பாடகர் அந்த இடத்துல என்ன பாடுறார்னு பார்க்காம எழுதாதீங்க. அவர் பெரிய காந்தாரத்துல நிக்கும்போது வயோலா சின்ன காந்தாரம் பிடிச்சா தப்பு உடனே கேட்கும்.

இதுக்கு நல்ல பாடம் 2019ல மெட்டாலிகா அதே சிம்ஃபனியோட பண்ணின ரெண்டாவது கச்சேரி. 2003 ஆல்பத்துல வந்த ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’ அங்க அகூஸ்டிக்கா மாறியிருக்கும். இன்னொரு பாட்டுல அவங்க பாடகர் ஹெட்ஃபீல்ட் கிட்டாரே இல்லாம ஆர்க்கெஸ்ட்ராவோட மட்டும் பாடுவார். கிட்டார் வேலையை ஆர்க்கெஸ்ட்ரா எப்படி ஏத்துக்குதுன்னு அதுல தெளிவா கேட்கலாம்.

வயோலா_வரிசை:

கீழ்ஸ்தாயி சொன்ன கணக்கையே வச்சு ஸ்கேலைப் பாருங்க. டபுள் பேஸோட கடைசி தந்தி ஈ, 41.2 ஹெர்ட்ஸ். எக்ஸ்டென்ஷன் (கடைசி தந்தியை நீட்டி இன்னும் கீழ போக வைக்கிற அமைப்பு) இல்லாத பேஸ்ல உங்க 39 கிடையாது, ஒரு செமிடோன்ல தவறிடுது. அதுபோக ஈ ஃப்ளாட் மைனர்னா ஆறு ஃப்ளாட். வயலின், வயோலா, செல்லோ எதுலயும் திறந்த தந்தி (விரல் வைக்காம வாசிக்கிறது) ஒண்ணுகூட உதவாது. ஒலி மங்கும், சுருதி நிக்க வைக்கிறதுலயே நேரம் போகும். நிர்வானா 1993 நவம்பர்ல எம்டிவியோட அன்பிளக்டு அகூஸ்டிக் நிகழ்ச்சிக்கு அரை ஸ்வரம் இறக்கின டியூனிங்லதான் வாசிச்சாங்க, செல்லோவும் இருந்தது. ஆனா அது ஒத்தை செல்லோ. நாலு பேர் சேர்ந்து சுருதி சேர்க்கிற கதை வேற. பாட்டை ஈ மைனருக்கு ஏத்துங்க: ஜி, டி, ஏ எல்லாம் திறந்த தந்தியாவே கிடைக்கும், டபுள் பேஸுக்குக் கீழ் ஈ கையில இருக்கும்.

கோரஸ் ஈ மைனர், சி, ஜி, டின்னு போகுதுன்னு வச்சுக்குங்க. டெமோ பண்றவங்க பொதுவா நாலு வாத்தியத்தையும் கார்டோட சேர்த்து மேலயும் கீழயும் தாவ விடுவாங்க. குழையிறது அதனாலதான். முதல் மூணு கார்டுலயும் ஜி ஸ்வரம் இருக்கு. வயோலா மூணு பாரும் (ஒரு பார்னா நாலு பீட்) அந்த ஜியை விடாம பிடிக்கட்டும். நாலாவது பார்ல டி வந்த பிறகும் ரெண்டு பீட் ஜியிலேயே நின்னு, மூணாவது பீட்ல எஃப் ஷார்ப்புக்கு இறங்கட்டும். அந்த ஒரு செமிடோன் இறக்கம் கோரஸையே முன்னால தள்ளும். முதல் வயலினை முதல் கோரஸ்ல வாசிக்கவே விடாதீங்க, ரெண்டாவதுக்கு வச்சுக்குங்க.

பாம் மியூட் (உள்ளங்கையால தந்தியை அமுக்கி மீட்டுற) ரிஃப்: 168ல எட்டாம் ஸ்வரம்னா நொடிக்கு 5.6 அடி. செல்லோ வில்லைத் துள்ளவிட்டு வாசிக்க அது நல்ல வேகம், கோபமும் திரும்ப வரும். பதினாறாம் ஸ்வரம்னா 11.2, டபுள் பேஸ்ல அது வெறும் இரைச்சலா கலங்கிடும். குதிரை ஓட்டத் தாளம் இருந்தா அதைக் கிட்டார்கிட்டயே விட்டு, செல்லோவுக்கு அழுத்தம் விழுற அடிகளை மட்டும் எழுதுங்க.

வேகத்தைக் குறைக்கிறதா இருந்தா பாடகர் மூச்சைக் கணக்குப் பண்ணுங்க. நாலு பார் வரி 168ல 5.7 நொடி, 120ல 8 நொடி. அதே வரியை ஒரே மூச்சுல பாட முடியாது, நடுவுல உடைஞ்சா சொல்லோட அர்த்தமும் உடையும்.

ஸ்கோர் எழுதும்போது ஒண்ணு: கிட்டார் ஒலிக்கிறதைவிட ஒரு ஆக்டேவ் மேலதான் எழுதப்படுது, டபுள் பேஸும் அப்படியே. செல்லோ அப்படி இல்லை. கிட்டார் நொட்டேஷனை அப்படியே செல்லோ பார்ட்டுக்கு நகல் எடுத்தா ரிஃப் ஒரு ஆக்டேவ் மேல வந்து நிக்கும். முடிச்ச ஸ்கோரை ரெண்டு இடத்துல பத்திரப்படுத்துங்க. டீப் பர்ப்பிள் 1969ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிச்ச கான்செர்ட்டோவோட ஸ்கோர் தொலைஞ்சுபோய், 1999ல மறுபடி வாசிக்க மார்கோ டி ஹூய் பழைய பதிவைக் கேட்டுக் கேட்டே அதைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஆறாம்தந்தி:

ரொம்ப நன்றி. ஈ மைனர்ல ஒரே தடை பாடகர். இப்பவே பி ஃப்ளாட் உச்சம், அதுக்கு மேல கத்தல்தான். ஆம்ப் இல்லாதப்போ அந்தக் கத்தல் துருத்திட்டு நிக்கும்.

வயோலா_வரிசை:

அப்போ டி மைனருக்கு இறக்குங்க. உச்சம் ஏ ஆகும், குரல் தளர்வா இருக்கும், அகூஸ்டிக்குக்கு அதுவே பொருத்தம். கிட்டார் டிராப் டி (வழக்கமான டியூனிங்ல கீழ் ஈ தந்தியை மட்டும் டிக்கு இறக்குறது). செல்லோவுக்குக் கீழ் டி எட்டும், வயலினுக்கு டி, ஏ திறந்த தந்தி. டபுள் பேஸ் மட்டும் கீழ் டிக்கு எட்டாது. வாசிக்கிறவரை ஈ தந்தியை டிக்கு இறக்கிக்கச் சொல்லலாம், தந்தி கொஞ்சம் தளர்ந்தாலும் நீண்ட ஸ்வரத்துக்குத் தாங்கும். ஆனா அந்தத் தந்தியில விரல் இடமெல்லாம் மாறிடும். அதனால பார்ட்டோட முதல் வரியிலேயே எழுதி, முன்கூட்டியே அனுப்பிடுங்க.

மிக்ஸ்மேசை:

பதிவு பக்கம் மட்டும் சொல்றேன். குவார்ட்டெட்டைப் பெரிய செக்‌ஷன் மாதிரி காட்ட ஒரே பார்ட்டை மூணு தடவை எடுப்பாங்க. அதே ஆள், அதே வயலின், அதே நாற்காலின்னா அதிர்வெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒலி மெலிஞ்சு, கோரஸ் பெடல் போட்ட மாதிரி சுழலும். ஒவ்வொரு தடவையும் இடம் மாத்தி உட்கார வைங்க, முதல் வயலினும் ரெண்டாவதும் பார்ட் மாத்திக்கட்டும், மூணாவது டேக்குக்கு மைக்கைப் பின்னால இழுங்க. ரெண்டு தடவையோட நிறுத்தாதீங்க, சுருதி வித்தியாசம் அப்பட்டமா தெரியும். டபுள் பேஸ் ஒரு தடவை போதும், கீழ ரெண்டு அடுக்கு வச்சா கலங்கும்.

கிட்டாரை மைக்ல எடுங்க. பிக்கப் வயர் மட்டும் எடுத்தா ஸ்ட்ரிங்ஸ் பக்கத்துல பிளாஸ்டிக் மாதிரி கேட்கும். டிரம்ஸுக்கு பிரஷ், இல்லன்னா கட்டுக்குச்சி. ஸ்ட்ரிங்ஸோட ஒரே அறையில வேண்டாம், சிம்பல் எல்லா மைக்லயும் ஏறிடும்.

பழைய ஆல்பம் கிளிக் (ஹெட்ஃபோன்ல தாளம் காட்டுற டிக் டிக் ஒலி) இல்லாம எடுத்ததா இருந்தா அதோட வேகம் இடத்துக்கு இடம் மாறும். புது டெம்போ மேப் (எந்த இடத்துல என்ன வேகம்ங்கிற குறிப்பு) போட்டு, கோரஸ்ல ஒண்ணு ரெண்டு பிபிஎம் ஏத்தி விடுங்க, இல்லன்னா விறைப்பா இருக்கும். சுருதிக்கு ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா 442ஆன்னு வர்றவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டு, கிட்டார் டியூனரையும் அதுக்கே வைங்க. கடைசி ஸ்வரத்துக்கு வில் விழுந்ததுமே கிளிக்கை நிறுத்திடுங்க. அந்த ஸ்வரம் தேயற அமைதியில ஹெட்ஃபோன்ல இருந்து கசியிற டிக் டிக் மைக்ல ஏறினா, பிறகு எதை வச்சும் எடுக்க முடியாது.