சென்ட்ஓஎஸ்ஸில் ஓடும், சப்போர்ட் கிடைக்காது: என் அனுபவம்

மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நாள். இரவு 11.30 மணிக்கு டேட்டாபேஸ் படுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி விழும். ஆண்டு தவறாமல் சப்போர்ட்டுக்குப் பணம் கட்டுகிறோமே என்ற தைரியத்தில் உச்ச அவசரம் என்று டிக்கெட் போட்டு, லாக், டிரேஸ் எல்லாம் ஏற்றினேன். முக்கால் மணி நேரத்தில் பதில்: உங்கள் ஓஎஸ் எங்கள் டேட்டாபேஸுக்குச் சான்றளித்த ஓஎஸ் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ள ஒன்றில் இதே பிழையை வரவழைத்துக் காட்டுங்கள்.

சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ். ரெட் ஹேட் என்ற கட்டண லினக்ஸின் மூல நிரலிலிருந்து கட்டியதுதானே என்று நாங்களே போட்டது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓஎஸ் பெயரைச் சொல்லும் ரெட் ஹேட் ரிலீஸ் ஃபைலைத் திருத்திவிடலாம் என்றார் கூட இருந்தவர். நான் சம்மதிக்கவில்லை. இன்ஸ்டாலர் வேண்டுமானால் ஏமாறும். அனுப்பிய டயக்னாஸ்டிக்கில் ஆர்பிஎம் (நிறுவிய பேக்கேஜ்கள்) பட்டியல் முழுக்க இருக்கிறதே, அது காட்டிக்கொடுத்துவிடும். ரெட் ஹேட் 7இல் ஒரு விஎம் (மெய்நிகர் சர்வர்) கிளப்பி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, அதே ரிப்போர்ட்டை ஓடவிட்டேன். விடிகாலை 4.15க்கு அதே பிழை. அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. அப்புறம் இன்ஜினியர் லைனிலேயே இருந்தார், மதியத்துக்குள் பேட்ச் கைக்கு வந்தது.

—

அண்ணா, பட்டியல் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் வேறு. ஆரக்கிள் 19சிக்கு ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே ஆகிய லினக்ஸ் வகைகள். உபுண்டுவும் டெபியனும் கிடையாது. சாப் ஹானாவுக்கு சூசே, ரெட் ஹேட். எஸ்க்யூஎல் சர்வர் 2017இல் லினக்ஸுக்கு வந்தபோதே உபுண்டுவையும் சேர்த்துக்கொண்டது.

பெயர் இருந்தால் போதாது, பதிப்பும் பொருந்த வேண்டும். ஆரக்கிள் லினக்ஸ் 8இல் ஆரக்கிள் டேட்டாபேஸ் 19.3ஐப் போட்டேன், ஐஎன்எஸ்-08101 என்ற பிழையோடு நின்றுவிட்டது. அந்த இன்ஸ்டாலர் 8க்கு முன்பே வந்தது, அதற்கு 8 தெரியாது. சிவி_அஸ்யூம்_டிஸ்ட்ஐடி என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஆரக்கிள் லினக்ஸ் 7இன் பெயரைக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. புதிய ரிலீஸ் அப்டேட்டையும் போட்ட பிறகே புரொடக்‌ஷனுக்குக் கொடுத்தேன்.

—

சரி தம்பி, இது எனக்குப் புதுசு. சென்ட்ஓஎஸ் 8ஐ 2021 டிசம்பரோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தபோதே நாங்கள் மொத்தமாக ரெட் ஹேட்டுக்கு மாறிவிட்டோம். இப்போது டிக்கெட் போட்டால் ஓஎஸ் பெயர், பதிப்பு, கெர்னல் மூன்றையும் முதல் வரியிலேயே ஒட்டிவிடுகிறேன்.