மதுரையிலிருந்து ஆசியப் படங்கள் பார்க்கப் போவதென்றால் எங்கே?

கூடல்நகர்வாசி:
ஈரான், கொரியப் படங்களாக ஃபோனில் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஒன்றைக்கூடத் தியேட்டரில் பார்த்தது கிடையாது. கூட வேலை பார்க்கிறவர், பார்த்தால் கொரியாவில் நடக்கும் பூசான் திரைப்பட விழாவில் பார்க்கணும் என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார், நான் மாசி வீதி ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன், பாஸ்போர்ட்டே இல்லை. நமக்கு எட்டுகிற தூரத்தில் ஏதாவது விழா உண்டா? இன்னொன்று, இங்கிலீஷ் சப்டைட்டிலை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவன் போனால் காசு தண்டம்தானா?

தம்பானூர் ரிட்டர்ன்:
திருவனந்தபுரம் போங்க தம்பி. டிசம்பரில் நடக்கும் கேரளத் திரைப்பட விழா, எல்லோரும் ஐஎஃப்எஃப்கே என்பார்கள். பூசானும் இதுவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள், 1996. இங்கே போட்டிப் பிரிவே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும்தான், அதனால் ஆசியப் படம் என்பது ஓரமாக வைத்த ஊறுகாய் இல்லை, அதுதான் இலையில் சோறு. சுவர்ண சகோரம் என்கிற முதல் பரிசை நடுவர் குழு கொடுக்கும், பார்வையாளர்கள் ஓட்டுப்போட்டுக் கொடுக்கிற விருது தனியாக உண்டு.

ராத்திரி புனலூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தம்பானூர், திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கிற இடம். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று தியேட்டரும் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, பல் விளக்கிவிட்டு நேராகப் படத்துக்குப் போகலாம். விழாவுக்குள் போக டெலிகேட் பாஸ் ஆன்லைனில் முன்னாலேயே எடுக்கணும், 2024-இல் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590. பாஸ் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு படத்துக்கும் சீட் ரிசர்வ் செய்யணும், பேர்பெற்ற படம் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் தனி வரிசையில் நிற்கணும். அது ஒன்றும் கஷ்டம் இல்லை, 2013-இல் கொரிய இயக்குநர் கிம் கி டுக் வந்திருந்தபோது அந்த ஊர் ஆட்டோக்காரர் எனக்கு அவர் படத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார், வரிசையில் நிற்கிறவர்கள் அதற்கும் மேலே.

மேலூர்க்காரி:
சப்டைட்டிலுக்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீங்க. நானும் தமிழ் மீடியம்தான். முதல் நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருந்தேன், ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை, தலைவலிதான் மிச்சம். ரெண்டாம் நாள் கோபத்தில் வரிகளை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன், பாதி கதை தானாகவே புரிந்தது. அப்புறம் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன்: ஷெட்யூலில் இருக்கும் கதைச்சுருக்கத்தை முந்தின ராத்திரியே தமிழில் மாற்றிப் படித்து வைத்துவிடுவேன், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிட்டால் போதும். பேச்சு குறைவான படங்களாக முதலில் எடுங்க. எங்க மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த கூழாங்கல் என்ற தமிழ்ப் படம் 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியதே, விருது கொடுத்தவர்களுக்கு நம்ம பேச்சு தெரிந்தா கொடுத்தார்கள்?

ஒரு நாளைக்கு மூணு படத்துக்கு மேல் வேண்டாம். அஞ்சு பார்த்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் நாலாவதில் தூங்கியிருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

வைகை வடகரை:
ரயிலே ஏறாமலும் ஒன்று இருக்கிறது. மறுபக்கம் அமைப்பு 1998-இலிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது, காசு கிடையாது. பெரிய கதைப்படம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் சப்டைட்டில் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

கூடல்நகர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. முதலாளி ரெண்டு நாள்தான் லீவு என்கிறார். தொடங்குகிற வெள்ளிக்கிழமையே போய்விடவா?

தம்பானூர் ரிட்டர்ன்:
வேண்டாம். முதல் நாள் மேடைப் பேச்சிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஒரு படத்தை ரெண்டு மூணு தடவை போடுவார்கள், நடுவில் போனால் எது நன்றாக இருக்கிறது என்று வரிசையில் நிற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். ஞாயிறு ராத்திரி வண்டி ஏறுங்க.